பருத்தி மூட்டைமேல் உட்கார்ந்தவள்

“பார்த்ததைச் சொல்லுன்னா நினைச்சதைச் சொல்றே, இந்து. கல்யாணமான நாள்லேர்ந்து உன்கிட்ட இதே ரோதனை. பார்த்ததைச் சொல்லு. நினைச்சதைச் சொல்லாதே.”

சொல்லிவிட்டுத் தணிகாசலம் எழுந்தார். நாற்காலியின் முதுகைத் தொட்டு, பீரோவின் ஓரத்தைத் தொட்டு, நிலைப்படியைக் காலால் தேடி, பின்பக்கத்து வராந்தாவுக்குப் போய்விட்டார். அங்கே பிரம்பு நாற்காலி கிறீச்சிட்டது. ‘பார்த்ததைச் சொல்லு, நினைச்சதைச் சொல்லாதே’ என்று இந்துமதி அவரைப் போலவே கழுத்தை இழுத்துக்கொண்டு காலி அறைக்குச் சொல்லிக் காட்டினாள். காலி அறைக்கும் சிரிப்பு வரவில்லை. அப்படி என்ன தப்பாகச் சொல்லிவிட்டாள்? காசில் இருக்கும் அந்தப் பொம்பளையின் வலது கையில் விரல் எத்தனை தெரிகிறது என்று கேட்டார். அஞ்சு என்றாள். மனுஷிக்கு அஞ்சு விரல்தானே இருக்கும், அடுப்பில் மோர்க்குழம்பு பொங்கப் போகிற நேரத்தில் ஒரு அமெரிக்காக்காரியின் விரலை எண்ணிக்கொண்டு உட்கார யாருக்குப் பொறுமை இருக்கிறது? அதற்குள் வந்துவிட்டது கோபம். கண்தான் போயிற்றே தவிர, கோபத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஐயையோ, என்ன வார்த்தை இது, வாயிலிருந்து வரவில்லை, மனசிலிருந்துதான் வந்தது, ஆனாலும் என்ன வார்த்தை. அவள் போய் அடுப்பை அணைத்துவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். மேஜைமேல் கறுப்பு வெல்வெட் துணி. துணிமேல் அந்தக் காசு. ஆயிரத்து எண்ணூற்று எண்பது என்று போட்ட வெள்ளி டாலர், அகலமாக, கனமாக, ஒன்றும் தெரியாததைப் போலக் கிடந்தது. இதைக் கொண்டுவந்தது நேற்றுக் கண்டனூரிலிருந்து வந்த உமையாள் ஆச்சி. வீட்டுக்காரர் போன பிறகு இரும்புப் பெட்டியைத் திறந்திருக்கிறாள், இது கிடந்திருக்கிறது. “எங்க வீட்டுப் பழசா, இல்லே அவுக சிங்கப்பூருலே யாருகிட்டயோ ஏமாந்து வாங்கினதா, அதை மட்டும் சொல்லிருங்க அண்ணே. கொழுந்தன் மகன் இதைப் பொய்க்காசு, தூக்கிப் போடுங்கன்னு சிரிக்கிறான். நீங்க சொன்னாச் சரி.” நீங்க சொன்னாச் சரி. திருச்சியில் பழைய காசு சேர்க்கிற அத்தனை பேரும் இவரிடம் சொல்கிற வார்த்தை அது. தொழிற்சாலையில் கொதிகலன் வெல்டிங் ஒட்டுகளைப் பார்த்துப் பார்த்துச் சரி, சரியில்லை என்று சொல்லிச் சம்பளம் வாங்கிய கண், லீவு நாளிலும் ஓய்வு பெற்ற பிறகும் அதே வேலையைக் காசுகளுக்குச் சும்மா செய்தது. அந்தக் கண்ணுக்கு நடுவில்தான் இந்த வருஷம் ஓட்டை விழுந்தது. ஓரத்தில் தெரிகிறது, நேரே பார்த்தால் ஒன்றுமில்லை, சாம்பல். டாக்டர் அதை ஒரு நல்ல பெயர் சொல்லிச் சொன்னார். வெளியே ஒருவருக்கும் தெரியாது. நேற்று ஆச்சியிடம், “நாளைக்குச் சாயங்காலம் வாங்க, பார்த்து வைக்கிறேன்” என்று எவ்வளவு தெம்பாகச் சொன்னார், சோபாவின் கைப்பிடியைப் பார்த்து. ஆச்சி அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கவே இல்லை. இந்துமதி காபியை எடுத்துக்கொண்டு அவசரமாக அந்தக் கைப்பிடிப் பக்கம் போய் நின்றுகொண்டாள், அவர் தன்னிடம் பேசுகிற மாதிரி இருக்கட்டும் என்று.

சரி, பார்க்கலாம். பார்த்துத்தான் தொலைக்கலாம். அவள் மேஜை விளக்கை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எடை பார்த்தாயிற்று, அவரே பார்த்தார், தராசு பேசுகிற தராசு, மகள் வாங்கி அனுப்பியது, அது ஒரு பெண் குரலில் கிராமைச் சொல்லும். துளி குறைகிறது என்றார். நகத்தால் ஓரத்து வரிகளை ஓட்டிப் பார்த்தார், இடைவெளி சீராக இருக்கிறது என்றார். விரல் நுனியில் நிறுத்திப் பென்சிலால் தட்டினார், அது பாடியது, உண்மையாகவே பாடியது, கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் சாயங்கால ஜெபத்துக்கு அடிக்கும் சின்ன மணி மாதிரி, நின்ற பிறகும் கொஞ்ச நேரம் காதில் இருந்தது. கைக்கும் காதுக்கும் உள்ளது எல்லாம் முடிந்தது, மிச்சம் கண்ணுக்கு உள்ளதுதான். கண்ணுக்கு உள்ளதுதான் எல்லாம், அதுவும் அவரே சொன்னது. லென்ஸைக் கையில் எடுத்தாள். பித்தளை வளையம், மடக்கினால் சுண்டைக்காய் அளவுக்கு ஆகிவிடும், முப்பது வருஷமாக அவர் சட்டைப் பையில் இருந்து பை ஓட்டையாகி அவள் தைத்து, மறுபடியும் ஓட்டையாகி மறுபடியும் தைத்து. அதை ஒரு நாளும் அவள் கண்ணில் வைத்துப் பார்த்ததில்லை. வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. வெள்ளையாக ஒரு மூட்டம், நடுவில் கறுப்பாக ஏதோ கோடு. அந்தக் கோட்டை அவளுக்குத் தெரியும். ஐயோ, அதே கோடு. எட்டாம் வகுப்பு, சிஸ்டர் பெர்னதெத், மைக்ராஸ்கோப். பள்ளிக்கூடத்துக்கே ஒன்றுதான், வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு நொடி பார்க்க வேண்டும், குளத்துத் தண்ணீரில் என்ன ஊர்கிறதோ அதை நோட்டில் வரைய வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் புத்தகத்தில் இருப்பதைப் பார்த்து அழகாக அமீபா வரைந்தார்கள், ஒருத்தி அதற்குக் கண் மூக்குகூட வைத்திருந்தாள். இந்துமதிக்கு ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது, வளைந்து, நுனி மெலிந்து. அதை அப்படியே வரைந்து வைத்தாள். சிஸ்டர் அந்த நோட்டைத் தூக்கி வகுப்புக்குக் காட்டி, “பாருங்கள் குழந்தைகளே, இந்துமதி தன் இமை முடியைக் கண்டுபிடித்திருக்கிறாள்” என்றார், வகுப்பு சிரித்த சிரிப்பில் ஜன்னல் புறா பறந்துபோயிற்று. கண் மூக்கு வைத்த அமீபாவுக்கு நல்ல மார்க். அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள், கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிட வேண்டும், பார்த்துக்கொண்டு நின்றால் அவமானம்தான். அப்படித்தான் பரீட்சை எழுதினாள், அப்படித்தான் மாப்பிள்ளைக்குச் சரி சொன்னாள், அப்படித்தான் காய்கறி வாங்குகிறாள், அஞ்சு விரல் என்றாள். இதெல்லாம் அந்த மனுஷனுக்குத் தெரியுமா? அவரிடம் சொன்னதே இல்லை. சொன்னால், ‘இமை முடி தெரிஞ்சா லென்ஸைக் கண்ணோட ஒட்டி வச்சுக் காசைத் தூக்கிக் கொண்டா, காசுகிட்டே நீ குனியாதே’ என்பார். அட, அதை எப்போதோ யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாரே, இதே மேஜையில், இவள் வாழைப்பூ ஆய்ந்துகொண்டே காதில் வாங்கி எரிச்சல்பட்டாளே. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். லென்ஸைக் கண்ணோடு ஒட்டினாள். ஓரத்தில் இரண்டு விரலால் பிடித்து, காசின் முகத்தில் விரல் படாமல், குழந்தைக்கு மருந்து கொண்டுபோவது மாதிரி, காசை மெல்லத் தூக்கிக் கண்ணுக்குக் கொண்டுவந்தாள்.

தூரத்தில் ஒரு நாடு தெரிந்தது. அப்படித்தான் இருந்தது, வேறு எப்படிச் சொல்வது. முதலில் வந்தது கால், செருப்புப் போட்ட பாதம், புடவை மாதிரி ஒரு துணி கணுக்காலில் மடிந்து விழுந்திருக்கிறது, மடிப்பில் நிழல், நிழலுக்குள் இன்னொரு மடிப்பு. எத்தனை துணியை மடித்திருப்பாள் இந்துமதி இந்த ஆயுசில், மடிப்பு விழுவது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாதா, ஆனால் ஒருவன் எஃகில் குடைந்து எடுத்த மடிப்பு இப்படித் தொய்யுமா? மேலே போனாள். முழங்கால். இடுப்பு. அவள் மூட்டையின்மேல் உட்கார்ந்திருக்கிறாள், பருத்தி மூட்டை, கட்டின கயிறு தெரிகிறது, கயிற்றின் முறுக்கு தெரிகிறது. முதுகுக்குப் பின்னால் ஒரு கதிர்க்கட்டு. காலடிப் பக்கம் தண்ணீர், சின்னச் சின்ன அலை. கடலைப் பார்த்து உட்கார்ந்து ஒரு கையை நீட்டி, கையில் ஒரு இலைக்கொத்தைப் பிடித்திருக்கிறாள், யாராவது வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்கிற மாதிரி. அந்தக் கை. மூச்சை அடக்கிக்கொண்டு அங்கே போனாள். ஒன்று. இரண்டு. மூன்று. பிறகு ஒரு வெளிச்சம் இடறியது, காசைத் துளி சாய்த்தாள், நான்கு. நான்கு விரல். அஞ்சாவது இல்லை. மறுபடியும் எண்ணினாள், தெரிந்தும் எண்ணினாள், எண்ணுவதே சுகமாக இருந்தது. இன்னொரு கையில் ஒரு துணிப்பட்டை, அதன் நுனி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேட்டிருந்தார். கீழே. இதில் சந்தேகமே இல்லை, கீழே தொங்குகிறது. பழைய அச்சில் மூன்று விரலும் பக்கவாட்டில் பறக்கிற பட்டையும், பிந்தைய அச்சில் நான்கு விரலும் தொங்குகிற பட்டையும், எண்பதாம் வருஷத்துக்கு இந்தப் பிந்தையதுதான் பொருந்தும், பொய்க்காசு அடிக்கிறவர்கள் இதில்தான் கோட்டை விடுவார்கள் என்று அவர் காலையில் பாடம் எடுத்தபோது ஒரு பொம்பளை விரலில் இத்தனை வம்பா என்று நினைத்தாள். இப்போது அப்படி நினைக்கத் தோன்றவில்லை. லென்ஸை இறக்கினாள். அறை திரும்பி வந்தது, காலண்டர், மின்விசிறி, மகள் கல்யாணப் படம், எல்லாம் முரட்டுத்தனமாக, செதுக்காத மரம் மாதிரி. அவசரமாக மறுபடி லென்ஸை வைத்துக்கொண்டாள்.

எண்பதாம் வருஷத்து டிரேட் டாலர் கடைத்தெருவுக்குப் போகவே இல்லை, இந்து. எத்தனை தடவை சொல்லியிருக்கிறார், சாப்பிடும்போது, பஸ்ஸில், ஒரு தடவை அவளுக்குப் பல் பிடுங்கின அன்றைக்கு. கீழ்த்திசை வியாபாரத்துக்கென்று அடித்த காசு அது, சீனாவுக்கும் சைகோனுக்கும் மூட்டை மூட்டையாகப் போனது. பிறகு புழக்கத்துக்கு அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் நாலைந்து வருஷம் கொஞ்சமே கொஞ்சம் அடித்தார்கள், செலவழிக்க அல்ல, பார்க்க. அதற்குத்தான் புரூஃப் என்று பெயர். அச்சையும் மெருகேற்றி, வெள்ளி வட்டத்தையும் மெருகேற்றி, அவசரப்படாமல் ஒவ்வொன்றாக அழுத்தி எடுப்பார்களாம், வெற்றிடமெல்லாம் கண்ணாடி மாதிரி, உருவம் மட்டும் பனி படிந்த மாதிரி. கண்ணாடிக்குள்ளே அவ மிதப்பா இந்து, என்பார். இவர் எங்கே பார்த்தார் மிதப்பதை? புத்தகத்தில் படமாகப் பார்த்தார். ஆயுசெல்லாம் மற்றவர்கள் கொண்டுவந்த காசையெல்லாம் பார்த்தவருக்கு இது ஒன்று கைக்கு வரவில்லை. வந்தபோது கண் இல்லை. இதைச் செய்தது யார்? சிஸ்டர் பெர்னதெத்தின் ஆண்டவரா, இவர்கள் வீட்டுத் திருத்தணி முருகனா, யாராக இருந்தாலும் முகத்துக்கு நேரே நாலு கேட்க வேண்டும் போல இருந்தது. இருக்கட்டும். மிதக்கிறாளா? மிதக்கவில்லை. அதைத்தான் இவ்வளவு நேரமாகப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பொம்பளையைச் சுற்றி இருக்கிற வெற்றிடம் கண்ணாடியாக இல்லை. பாலில் ஆடை படிந்த மாதிரி ஒரு மங்கல், மங்கலுக்குள் மயிரிழை மயிரிழையாகக் கோடு, ஆயிரம் கோடு, எல்லாம் வட்டம் வட்டமாக. முழங்காலும் மூக்கும் சற்றே மழுங்கியிருக்கின்றன. துளி எடை குறைந்ததும் இதனால்தான். அப்படியானால் தேய்ந்த காசு. சந்தையில் அடிபட்டதோ? அடிபட்டால் கோடு தாறுமாறாக அல்லவா விழும், கொலுசும் சாவியும் ஒரே பையில் கிடந்த மாதிரி. இது அப்படி இல்லை. ஒரே போக்கு, ஒரே சுற்று, வலமிருந்து எழும்பி, மேலே வளைந்து, கீழே இறங்கி, பாதத்துக்கிட்டே கொஞ்சம் நின்று. இந்துமதியின் கட்டைவிரல் தானாக அசைந்தது. அவளுக்குத் தெரியாமலேயே அது வெல்வெட் துணிமேல் சுற்றிக்கொண்டிருந்தது, வலமிருந்து எழும்பி, மேலே வளைந்து. கையை நிறுத்திப் பார்த்தாள். இது எனக்குத் தெரியுமே. இதை நான் வியாழக்கிழமைதோறும் செய்கிறேனே. வெள்ளிக் குத்துவிளக்கை மடியில் வைத்துக்கொண்டு, ஈரத் துணியில் விபூதியைத் தொட்டு, சுற்றிச் சுற்றி, முகத்துக்கு மட்டும் கட்டைவிரலால் தனியாக.

விபூதி. ஒருத்தி இதை விபூதி போட்டுத் தேய்த்திருக்கிறாள். ஒரு தடவை இல்லை, ஒரு வருஷம் இல்லை. இந்துமதி லென்ஸை அழுத்திக்கொண்டு கதிர்க்கட்டுக்கும் மூட்டைக்கும் நடுவே இருக்கும் இடுக்குக்குப் போனாள், விளக்கிலும் அங்கேதான் தங்கும், எவ்வளவு தேய்த்தாலும் இடுக்கில் இருப்பது வராது, மாமியார் அதற்கென்றே ஊசி வைத்திருந்தார். இருந்தது. மிளகாய் விதையில் நூற்றில் ஒரு பங்கு, அதற்கும் கீழே. சிவப்பு. கறுத்துப்போன, எண்ணெய் இறங்கிய சிவப்பு. அதன் கீழே இன்னொரு பொட்டு, மஞ்சள் தீற்றல், அதன்மேல் வெள்ளைப் பொடி இறுகிக் கல்லாகிக் கிடந்தது. குங்குமம். அட என் தாயே. அவளுக்குக் கழுத்தின் பின்புறம் சிலிர்த்தது, அறையில் யாரோ வந்து நின்ற மாதிரி, தலையைத் திருப்பக்கூட ஒரு நொடி பயமாக இருந்தது. சைகோனுக்கு வட்டிக் கடைக்குப் போன செட்டியார் ஒருவர், தலைமுறை தலைமுறைக்கு முன்னால், இதை எங்கேயோ வாங்கிக் கப்பலில் கொண்டுவந்திருக்கிறார். வீட்டில் கொடுத்திருக்கிறார். அந்த ஆச்சி, பெயர் தெரியாத ஆச்சி, இதைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். கழுகு இருக்கும் பக்கத்தைப் பார்த்து முகம் சுளித்திருப்பாள், மறுபக்கம் திருப்பினால் ஒரு பெண், உட்கார்ந்திருக்கிறாள், பின்னால் கதிர்க்கட்டு, கையில் இலைக்கொத்து, காலடியில் அலைகடல், கீழே மூட்டை மூட்டையாகச் செல்வம். இவள் யார் என்று அந்த ஆச்சிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தானியலட்சுமி. அமெரிக்காக்காரன் பார்க்க மட்டும் அடித்ததை அவள் அப்படியேதான் வைத்துக்கொண்டாள், செலவழிக்கவில்லை, பார்க்கத்தான் வைத்துக்கொண்டாள், கும்பிட்டுப் பார்க்க. வாராவாரம் எடுத்துத் தேய்த்து, பொட்டு வைத்து, பூ வைத்து. அவளுக்குப் பிறகு மருமகள். அவளுக்குப் பிறகு அவள் மருமகள். இந்த உமையாள் ஆச்சி வருவதற்குள் எப்போதோ நின்றுபோய்ப் பெட்டிக்குள் போயிருக்கிறது. வெளிநாட்டுக் காசு வியாபாரிகள் இதைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். அழுக்கோடு இருக்கலாம், கறுத்துப்போய் இருக்கலாம், துடைக்க மட்டும் கூடாது, துடைத்தால் செத்தது என்பார் இவரும். நம்ம பொம்பளைகள் கையில் வெள்ளியைக் கொடுத்துத் துடைக்காதே என்றால் நடக்குமா? உலகத்தில் வேறு எந்த ஊரிலும் ஒரு காசைப் பக்தியால் இப்படிக் கெடுத்திருக்க மாட்டார்கள். கெடுத்ததா? இந்துமதிக்கு அந்த வார்த்தை ஒட்டவில்லை. பிரான்மலைக் கோயில் படிக்கட்டில் நடுப்படி மட்டும் குழிந்திருப்பதைக் கெட்டுப்போனது என்று யார் சொல்வார்கள்?

ஆனால் அவர் கேட்டது அது இல்லை. மிதக்கிறாளா என்பதுதான் கேள்வி. வராந்தாவில் தொண்டையைச் செருமினார். கூப்பிடவில்லை, அங்கே இருக்கிறேன் என்கிறார். இவள் இப்போது போய், ‘மிதக்கிறா. கண்ணாடி மாதிரி இருக்கு. நீங்க சொன்ன மாதிரியே’ என்று சொன்னால்? அவருக்கு யார் சொல்லப் போகிறார்கள் இல்லையென்று? ஆச்சிக்குக் காசு பொய்யா மெய்யா என்றுதான் தெரிய வேண்டும், கண்ணாடி அவளுக்கு எதற்கு? அவர் மனசுக்குள் புத்தகத்துப் படம் ஒன்று இருக்கிறது, அதன்மேல் இவள் ஒரு முத்திரை குத்தினால் போதும், முப்பது வருஷக் காத்திருப்பு நிறைந்துவிடும், சாகிறவரை மிதந்துகொண்டே இருப்பாள் அவருக்குள். எவ்வளவு சுலபம். அந்தச் சுலபம்தான் அவளை உலுக்கியது. இனி எல்லாமே இப்படித்தானா? வானம் நீலமா, இட்லி வெள்ளையா, பேத்தி ஃபோட்டோவில் யார் ஜாடை, எதிர்வீட்டுக்காரன் முறைக்கிறானா சிரிக்கிறானா, எல்லாம் இவள் வாயிலிருந்து வந்தால்தான் அவருக்கு உண்டு, இவள் பொய் சொன்னால் உலகம் பொய், இவள் சோம்பல்பட்டால் உலகத்தில் அந்த இடம் காலி. இத்தனை நாள் அவரிடம் எரிந்து எரிந்து விழுந்த வாயை நம்பி ஒரு மனுஷர் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார். கடவுளே, என்னிடம் ஏன் இதைக் கொடுத்தாய், நான் அஞ்சு விரல் என்று சொல்கிறவள். பிடி வழுக்கியது. காசு வெல்வெட்டில் விழுந்துவிடுமோ என்று இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள், லென்ஸ் மடியில் விழுந்தது, மூக்குக் கண்ணாடி இல்லாத கிட்டப்பார்வைக் கண்ணுக்கு வெகு பக்கத்தில் காசின் ஓரம் வந்து நின்றது. விளக்கு வெளிச்சம் நழுவியது. ஏதோ அசைந்தது. காசுக்குள் ஏதோ அசைந்தது.

விளிம்புச் சுவர் எழும்புகிற மூலை, காசைச் சுற்றிப் பொறித்திருக்கும் நட்சத்திரங்களுக்குப் பின்னால், எந்தக் கட்டைவிரலும் போய்ச் சேர முடியாத ஒரு பிறைத்துண்டு. அங்கே விபூதி எட்டவில்லை. அங்கே வெள்ளியே இல்லை. கறுப்பாக, ஆழமாக, மொட்டைமாடித் தொட்டியில் ராத்திரித் தண்ணீர் நிற்கிற மாதிரி ஒரு ஆழம், அதன்மேல் நட்சத்திரம் ஒன்று பனி வெள்ளையாக எதையும் தொடாமல் நின்றது. மிதந்தது. வேறு வார்த்தை இல்லை, மிதந்தது. அந்தத் தண்ணீருக்குள் ஒரு கறுப்புக் கோடு. வளைந்து, நுனி மெலிந்து. இந்துமதி கண் சிமிட்டினாள். கோடும் சிமிட்டியது. தன் இமை முடி. அவள் அசையவில்லை. ஒவ்வொரு முடியும் தனித்தனியாக, வேரோடு, நுனியோடு, நரைத்த ஒன்றுகூட, எழுதி வைத்த மாதிரி தெரிந்தது. எங்கேயோ ஒரு ஊரில், இவள் கொள்ளுப்பாட்டன் பிறப்பதற்கு முன்னால், ஒருவன் சாணை பிடித்துச் சாணை பிடித்து எஃகுக்கு ஏற்றிய மெருகு, வெள்ளிக்குள் இறங்கி, கடல் தாண்டி, பெட்டிக்குள் இருட்டில் கிடந்து, இன்றைக்குத் திருச்சியில் மோர்க்குழம்பு வாசனைக்கு நடுவில் ஒருத்தியின் நரைத்த இமை முடியைத் திருப்பிக் காட்டுகிறது. கண்ணாடி மாதிரி இருக்கான்னு கேட்கக் கூடாது, அதிலே என்ன தெரியுதுன்னு கேட்கணும், என்று அவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது இப்போதுதான் காதில் விழுந்த மாதிரி இருந்தது. பார்த்தீர்களா சிஸ்டர். இமை முடிதான். அன்றைக்கும் அதைத்தான் பார்த்தேன். இன்றைக்கு அதுதான் விடை. அழுகை வரவில்லை, சிரிப்பும் வரவில்லை, கோயிலில் திரை விலகும்போது வாய் பேச்சை மறந்து நிற்குமே, அப்படி நின்றது மனசு. எவ்வளவு நேரம் என்று தெரியாது. தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போன பிறகுதான் மூச்சு விட்டாள்.

காசை வெல்வெட்டோடு இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, காக்கை சோற்றைப் பார்ப்பது போல் ஓரக் கண்ணால் அவள் வரும் திசையைப் பிடித்தார். அந்தச் சாய்ப்பு வந்த நாளிலிருந்து அவளுக்கு அதைப் பார்க்கப் பிடிக்காது. இன்றைக்குப் பார்த்தாள்.

“விரல் நாலு” என்றாள். “அஞ்சு இல்லை. பட்டை கீழே தொங்குது.”

“ம்.”

“மிதக்கலை. அவளைச் சுத்தித் தேஞ்சுபோயிருக்கு. வட்ட வட்டமாக் கோடு. விபூதி போட்டுத் தேச்சிருக்காங்க, தலைமுறையா. கதிர்க்கட்டு இடுக்கிலே குங்குமம் இருக்கு, மஞ்சள் இருக்கு. லட்சுமின்னு நினைச்சுக் கும்பிட்டிருக்காங்க.”

அவர் முகம் ஒரு நொடி விழுந்தது. அவள் அதையும் பார்த்தாள், கண்ணை எடுக்கவில்லை.

“நினைச்சதைச் சொல்றியா?”

“குங்குமம் பார்த்தது. லட்சுமி நினைச்சது. இன்னும் முடியலை, கேளுங்க. விளிம்போரத்திலே விரல் போகாத இடம் ஒண்ணு இருக்கு, வெட்டின நகத்துணுக்கு அளவு. அங்கே தண்ணி மாதிரி இருக்கு. அதிலே நட்சத்திரம் ஒண்ணு நிக்குது, ஒட்டாம. அதுக்குள்ளே என் இமை முடி தெரிஞ்சுது. ஒண்ணொண்ணாத் தெரிஞ்சுது. ஒண்ணு நரைச்சிருக்கு.”

தணிகாசலம் கையை நீட்டினார். அவள் காசை அதில் வைத்தாள். யாரையும் தொட விடாத காசின் முகத்தை, வாழ்க்கையில் முதல் தடவையாக, அவர் கட்டைவிரலால் தடவினார். வலமிருந்து எழும்பி, மேலே வளைந்து. சிரித்தார்.

“அடிப்பாவிகளா, துடைச்சே தீர்த்துட்டீங்களேடி” என்றார். குரலில் கோபமே இல்லை. “மெய்க்காசு இந்து. அந்த வீட்டுக் காசு. சிங்கப்பூர்லே ஏமாந்ததுன்னா குங்குமம் அப்படி இறுகுமா?” கட்டைவிரலை நிறுத்தாமலே, “ஆச்சி வந்தா நீயே சொல்லு. பார்த்தது நான் இல்லை, நீன்னு சொல்லு. என்னாலே ஏன் பார்க்க முடியலைன்னும் சொல்லிடு” என்றார்.

இதை அவரே சொல்வதற்காகத்தான் இத்தனை மாதமாகக் காத்திருந்தாள், சொன்னதும் சொல்லாமலே இருந்திருக்கலாமே என்று இருந்தது. மருதாணிச் செடியில் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. தெருமுனையில் ஒரு கார் நின்று, யாரோ வழி கேட்கிற சத்தம், ஆச்சியின் குரலாகத்தான் இருக்க வேண்டும். வாசலுக்குப் போக வேண்டும். போகவில்லை. முக்காலியை இழுத்து அவருக்கு நேரே போட்டு உட்கார்ந்தாள், விளக்குப் பக்கத்தில் காசு உட்கார்ந்திருந்த மாதிரி, முகத்தில் வெளிச்சம் விழும்படி. அவர் நேரே பார்த்தார். பிறகு சாய்த்துப் பார்த்தார். மறுபடி நேரே. அந்தச் சாம்பலுக்கு நடுவில் தான் எங்கே இருக்கிறோம், எந்த ஓரத்தில், எந்த விளிம்பில், எவ்வளவு மிச்சம்.

“என்னைப் பாருங்க” என்றாள் இந்துமதி. “பார்த்ததைச் சொல்லுங்க. நினைச்சதைச் சொல்லாதீங்க.”

காசின்மேல் சுற்றிக்கொண்டிருந்த கட்டைவிரல் நின்றது. வாசலில் இரும்புக் கதவு திறந்தது.